புகை போகும் வழி

"பாய், ஃபில்டர் வைக்கறதா, பழைய குழாயையே விட்டுடறதா?" என்று கேட்டார் சென்னியப்பன்.

கமாலுதீன் பாய் வேறொரு வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தார். கால் மட்டும் வெளியே தெரிந்தது.

"யாரு கேட்டா?"

"தேங்காய் மண்டி மயில்சாமிங்க. எவனோ செல்லுல வீடியோ போட்டிருக்கான். அதப் பாத்துட்டு வந்து நிக்கறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உங்களக் கேட்டுச் சொல்றேன்னேன்."

கால் கொஞ்சம் அசைந்தது. ஆள் வரவில்லை.

உக்கடத்துக்குத் தெற்கே, குளத்தைத் தாண்டி, பாயின் ஷெட். அங்கே குரு இளையவர், சிஷ்யர் மூத்தவர். சென்னியப்பனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பாய் ஐம்பதைத் தொட இன்னும் வருஷங்கள் இருந்தன. இதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. அப்பனுக்கே பிள்ளை பாடம் சொன்ன நாட்டில் இதற்கென்ன சிரிப்பு என்று சென்னியப்பன் கண்டுகொள்வதில்லை. அவர் கண்டுகொண்ட அவமானம் வேறு ஒன்று. அதை மட்டும் ஆறு வருஷமாகக் கீழே வைக்காமல் சுமந்தார்.

ஃபில்டர் விஷயம் இதுதான். எஞ்சினுக்குள் ஒவ்வொரு தடவை வெடிக்கும்போதும் கொஞ்சம் புகை பிஸ்டனின் இடுக்கு வழியாகக் கீழே, எண்ணெய் கிடக்கிற அறைக்குள் நழுவிவிடும். எவ்வளவு நல்ல எஞ்சினானாலும் கொஞ்சம் நழுவத்தான் செய்யும். அந்தப் புகை வெளியேற ஒரு மூச்சுக்குழாய் உண்டு. கம்பெனிக்காரன் அந்தக் குழாயை வளைத்து, எஞ்சின் காற்றிழுக்கிற வாயிலேயே கொண்டுபோய்ச் செருகி வைத்திருப்பான். சிலர் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, குழாயின் நுனியில் உள்ளங்கையளவு ஃபில்டர் ஒன்றை மாட்டிப் புகையை வெளியே விடுவார்கள். போனட்டைத் திறந்தால் அது சிவப்பாக, பளபளவென்று, பார்க்க லட்சணமாக இருக்கும்.

பாய் வெளியே வந்தார். பெட்டியிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து நீட்டினார். மயில்சாமியின் பழைய டீசல் வண்டியைக் கிளப்பி, குழாயைக் கழற்றி, அதன் வாயில் துணியைப் பிடிக்கச் சொன்னார்.

துணி சற்று நேரத்தில் பழுப்பானது.

"குழாய் இருந்தா இது எங்க போகும்?" என்றார் பாய்.

"எஞ்சினே திரும்ப இழுத்து எரிச்சுரும்."

"அப்பறம்?"

"காத்து இழுக்கற தொண்டையில கரி புடிக்கும். வால்வு கறுக்கும். இழுவை கொறையும்."

"ஃபில்டர் வெச்சா?"

"தொண்டை சுத்தமா இருக்குமுங்க."

"புகை?"

சென்னியப்பன் யோசித்தார். "வெளிய போயிரும்."

"வெளியன்னா எங்க?"

சென்னியப்பன் பேச்சை மாற்றினார். ரெண்டும் வேண்டாம் என்று அடைத்துவிட்டால் என்ன என்று கேட்டு வைத்தார். பாய் மூலையைக் காட்டினார். அங்கே ஒரு பழைய வாளியில், புகை முட்டி வாய் பிளந்த ஆயில் சீல்கள், எண்ணெய் கசியாமல் காக்கிற ரப்பர் வளையங்கள், கிடந்தன.

"சரிங்க பாய். ரெண்டுல எது நல்லது?"

"வண்டிக்குள்ள யாரு உக்காருவாங்கன்னு கேட்டீங்களா?" என்றார் பாய். திரும்பவும் வண்டிக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

சென்னியப்பன் கேட்கவில்லை. ஃபில்டரை மாட்டினார்.

*

அவருடைய கதை ஷெட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்.

சென்னியப்பனுக்கு முன்பு சொந்தமாகப் பட்டறை இருந்தது. பெண்டாட்டி சிவகாமியின் தம்பி கிட்டுச்சாமியை அரை டிராயரில் கூட்டி வந்து ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக் கொடுத்தது இவர்தான். பிறகு மஞ்சள்காமாலை வந்தது. மாதக்கணக்கில் படுக்கை. பிழைப்பார் என்று டாக்டரே சொல்லவில்லை. எழுந்து போய்ப் பார்த்தால் போர்டில் கிட்டுச்சாமியின் பெயர் இருந்தது. இடத்துக்காரர் கெடு வைத்தார், கையெழுத்துப் போட வேறு ஆளில்லை, அதனால் என் பெயரில் எழுதினேன் என்றான் அவன்.

"நீங்க வந்து உக்காருங்க மச்சான், நான் வேலை பாக்கறேன்" என்றும் சொன்னான். மறுபடி வந்தும் சொன்னான். வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்.

நாயைக் குளிப்பாட்டி நடு வீட்டில் வைத்த கதை, வளர்த்த கடா மார்பில் பாய்ந்த கதை, இப்படி எல்லாக் கதையும் அவரிடம் கிட்டுச்சாமி கதைதான். காலையில் ஷெட்டில் ஆரம்பிப்பார். ராத்திரி சாப்பாட்டில் முடிப்பார். சோற்றில் கை வைத்ததும் பேச்சு தொடங்கும். மகள் பிருந்தா தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள். சிவகாமிக்குப் போக இடமில்லை. தம்பி என்று ஒருவன் இருப்பதையே மறந்துவிட்டவள் போல மோர் ஊற்றுவாள். அவளுக்கு ஓயாத தலைவலி. தைலம் வாங்கித் தருவது மட்டும் சென்னியப்பன் தவறுவதில்லை.

*

மயில்சாமி திரும்பி வந்தார்.

வண்டி முன்னைவிட நன்றாக இழுக்கிறதாம். ஆனால் சம்சாரத்துக்குத் தலை கிறுகிறுக்கிறதாம். சிக்னலில் நின்றால் உள்ளே ஒரே எண்ணெய் நாற்றம், பழனி போகிற வழியில் ரெண்டு இடத்தில் வாந்தி எடுத்துவிட்டாள் என்றார். வண்டியில் குறையா, சம்சாரத்தில் குறையா என்று அவருக்கே சந்தேகம்.

பாய் வண்டியை எடுத்தார். சென்னியப்பனைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். கண்ணாடிகளை எல்லாம் ஏற்றினார்.

போகிற வழியில் கிட்டுச்சாமியின் பட்டறை வந்தது. இப்போது மாடி கட்டியிருந்தான். அதைப் பார்த்ததும் சென்னியப்பனுக்கு நெஞ்சு எரிந்தது. அந்த இரும்பு கேட் தன் கையால் வெல்டிங் வைத்தது என்று ஆரம்பித்தார். பாய் கேட்டுக்கொண்டே ஓட்டினார். சிக்னலில் நின்றது. கதை போர்டு வரைக்கும் வந்திருந்தது. அப்போதுதான் சென்னியப்பனுக்கு அந்த நாற்றம் எட்டியது. கருகிய எண்ணெய் வாடை, தொண்டையை அறுத்தது.

"பாய், கண்ணாடிய எறக்குங்க. உக்கார முடியல."

பாய் இறக்கவில்லை.

"உங்களுக்கு அடிக்கலீங்களா?"

"நான் பழகீட்டேன்ணா," என்றார் பாய். "ஆறு வருசமாச்சு."

பச்சை விழுந்தது. வண்டி நகர்ந்தது.

அந்த வண்டிக்கு ஃபில்டர் போட்டு அரை மாதம்கூட ஆகவில்லை. சென்னியப்பனுக்குக் காது வரைக்கும் சுட்டது. இளையவன் வாயால் இப்படிக் கேட்க நேர்ந்ததே என்று இருந்தது.

ஃபில்டரைக் கழற்றிவிடலாம் என்றதற்கு மயில்சாமி சம்மதிக்கவில்லை. காசு போட்டு வாங்கியது, பார்க்கவும் அழகு என்றார். சம்சாரத்தை ஜன்னலோரம் உட்காரச் சொல்கிறேன் என்று ஓட்டிக்கொண்டு போனார்.

*

அன்று ராத்திரி சென்னியப்பன் பேசாமல் சாப்பிட்டார்.

மறுநாளும் பேசவில்லை. சிவகாமிக்கு முதலில் சந்தோஷம். பிருந்தா தட்டை எடுத்துக்கொண்டு வந்து கூடவே உட்கார்ந்தாள். நாலைந்து நாளில் அந்தச் சந்தோஷம் கலைந்தது. என்ன கேட்டாலும் தலையாட்டினார். பல்லைக் கடிக்கிற சத்தம் தூக்கத்திலும் கேட்டது. ஏனுங்க, எதையாவது பேசித் தொலையுங்க என்று அவளே சொல்லும்படி ஆயிற்று.

இதற்கு நடுவே பிருந்தாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஐப்பசியில் முகூர்த்தம். தாய்மாமன் சீர்த்தட்டு எடுத்து வராமல் பெண்ணை மணையில் உட்கார வைக்கிற வழக்கம் அவர்கள் பக்கம் கிடையாது. மாமன் செத்துப் போயிருந்தால் வேறு பேச்சு. உயிரோடு, அதே ஊரில், மாடி வைத்துக் கட்டிக்கொண்டு இருக்கிறான்.

பிருந்தா அப்பாவிடம் அழவில்லை, கெஞ்சவில்லை. "மாமா தட்டு எடுத்துட்டு வரட்டும்ப்பா. அன்னைக்கு ஒரு நாள் எனக்காகப் பொறுத்துக்கங்க. வேற ஒண்ணும் நான் கேக்கல" என்றாள்.

"வரட்டும்," என்றார் சென்னியப்பன். "நான் வாயத் தொறக்க மாட்டேன்."

*

ஆயுத பூஜை வந்தது.

பாயின் ஷெட்டில் பூஜையை வேலைக்காரர்கள் செய்வார்கள். பாய் வாசலில் நின்று வருகிறவர்களுக்குப் பொரி கொடுப்பார். வாடிக்கைக்காரர்கள் வண்டிகளைக் கொண்டு வந்து கழுவிப் பொட்டு வைத்துப் போவார்கள். மயில்சாமியும் கொண்டு வந்தார்.

எஞ்சினைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதற்கு முன்னால், ஃபில்டருக்குள் தண்ணீர் போகாமலிருக்க, சென்னியப்பன் பழைய சைக்கிள் ட்யூபை நறுக்கி அதைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். வழக்கமாகச் செய்வதுதான். கழுவி முடித்ததும் அவிழ்க்க வேண்டும். அந்த நேரம் பார்த்து, வந்தவர்களில் ஒருவர், கிட்டுச்சாமி பட்டறையில் பூஜை அமர்க்களப்படுகிறது, நாதஸ்வரமே வைத்திருக்கிறான் என்றார். பழைய சென்னியப்பனாக இருந்தால் அதற்கு ஒரு மணி நேரம் பதில் சொல்லியிருப்பார். இப்போது விழுங்கிக்கொண்டார். விழுங்கின வேகத்தில், கட்டியிருந்த ட்யூபின் மேலேயே சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, போனட்டைச் சாத்திவிட்டார்.

வண்டி பொள்ளாச்சி தாண்டவில்லை. எஞ்சினின் பின்பக்க சீல் பிய்த்துக்கொண்டு எண்ணெய் ரோடெல்லாம் கொட்டியது. கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்.

பாய் போனட்டைத் தூக்கிப் பார்த்தார். சென்னியப்பனைக் கூப்பிட்டார்.

"பொட்டு நல்லாத்தான் வெச்சிருக்கீங்க," என்றார்.

செலவு ஷெட்டுடையது என்று மயில்சாமியிடம் சொல்லி அனுப்பினார். சென்னியப்பன் சீலை மாற்றினார். பிளந்துபோனதை மூலை வாளியில் போட்டார். தன் மேல்தான் கோபம் வந்தது, அதுவும் கடைசியில் சுற்றிக்கொண்டு கிட்டுச்சாமி மேல் போய் நின்றது. அவன் நாதஸ்வரம் வைக்காமலிருந்தால் இவர் மறந்திருப்பாரா?

*

கல்யாண மண்டபத்தில் எல்லாம் முறைப்படி நடந்தது.

தவில் முழங்க, தம்பட்டம் தட்ட, கிட்டுச்சாமி சீர்த்தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தான். பட்டு வேட்டி, தோளில் துண்டு. சிவகாமி ஆறு வருஷத்துக்குப் பிறகு தம்பியின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிருந்தா மணைக்குப் பக்கத்தில் மாலையோடு நின்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து, கேட்டது பெரிய வரமில்லை, கொடுத்துவிட்டோம் என்று சென்னியப்பனுக்கும் ஒரு நிமிஷம் மனசு இளகியது.

கிட்டுச்சாமி அவர் முன்னால் வந்து நின்றான். தட்டைக் கையில் இறக்கினான். என்ன பேசுவது என்று அவனுக்கும் தெரியவில்லை போலும்.

"உடம்பெல்லாம் எப்படி இருக்குதுங்க மச்சான்?"

அவ்வளவுதான் கேட்டான். ஊரில் யாரும் யாரையும் கேட்கிற கேள்வி.

"நான் சாகறதுக்குக் காத்திருந்தவன்தானடா நீ," என்றார் சென்னியப்பன்.

தவில் நின்றது. அதற்கு மேல் அவர் பேசியதை எல்லாம் இங்கே எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. அடக்கி வைத்திருந்த நாளெல்லாம் சேர்த்துக் கொட்டியது. சம்பந்தி வீட்டார் எழுந்து நின்றார்கள். யாரோ அவர் தோளைப் பிடித்து அழுத்தினார்கள். கிட்டுச்சாமி ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. அவன் கையிலிருந்த தட்டு சாய்ந்து தேங்காய் உருண்டது.

பிருந்தா மணைப் பக்கத்திலிருந்து நடந்து வந்தாள். மணப்பெண் அப்படி வருவது வழக்கமில்லை.

"குடுங்க மாமா," என்று தட்டைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். அப்பா பக்கம் திரும்பவே இல்லை.

தாலி ஏறியது. சென்னியப்பனும் அட்சதை போட்டார். அது பெண் மேல் விழுந்ததா, தரையில் விழுந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை.

பந்தியில் பாதி இலைகள் காலியாகக் கிடந்தன. பாய் உட்கார்ந்து, பாயசம் வரைக்கும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

*

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் சென்னியப்பன் ஷெட்டுக்கு வந்தார். வேலை செய்ய வந்தாரா, வீட்டில் இருக்க முடியாமல் வந்தாரா என்று கேட்டால் அவருக்கே பதில் தெரியாது. மயில்சாமியின் வண்டி மறுபடி வந்து நின்றது. சீல் புதுசு, ஃபில்டரில் அடைப்பு இல்லை, ஆனாலும் போனட்டைத் திறந்தால் ஊதுபத்தி கொளுத்தி வைத்த மாதிரி புகைந்தது.

சிவகாமி ஃபோன் செய்தாள். பேச்சு ஷெட் முழுக்கக் கேட்டது. இன்று மறுவீட்டு விருந்து. பெண்ணும் மாப்பிள்ளையும் அப்பா வீட்டுக்கு வரவில்லை, மாமன் வீட்டுக்குப் போயிருந்தார்கள். சிவகாமியும் அங்கேதான் இருந்தாள்.

"பிருந்தா உங்களக் கூப்பிடச் சொல்லலீங்க," என்றாள். பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. "கிட்டுதான், மச்சானில்லாம எப்படி எல போடறதுன்னு நிக்கறான்."

அவர் ஃபோனை வைத்துவிட்டார். நெஞ்சில் பழைய சூடு திரும்ப ஏறியது. மகளும் போனாள், பெண்டாட்டியும் போனாள், விருந்து போடுகிற பெருமையும் அவனுக்கே போனது.

பாயிடம் போய் நின்றார். வண்டியைப் பற்றிப் பேசுகிற பாவனையெல்லாம் இப்போது அவரிடம் இல்லை.

"வெளிய விட்டேன், வீடு நாறிப்போச்சு. அடைச்சேன், வெடிச்சுப்போச்சு. உள்ளயே விழுங்கினா தொண்டை கறுக்கும்னு அன்னைக்கு நானே சொன்னேன். நான் என்னதான் பண்றதுங்க பாய்?"

பாய் மயில்சாமியின் வண்டிக்குப் போனார். கிளப்பினார். எஞ்சின் தலையில் எண்ணெய் ஊற்றுகிற மூடியைத் திருகி எடுத்தார். திறந்த வாயிலிருந்து புகை குப்குப்பென்று வந்தது.

"இது எப்ப இருந்து?"

"முதல் தடவ வந்தப்பவே இருந்திருக்கோணும்."

"அப்ப இந்த மூடியத் தொறந்து பாத்தீங்களா?"

"இல்லீங்க. அவரு ஃபில்டரத்தான் கேட்டாரு."

பாய் எஞ்சினை நிறுத்தினார்.

"புகை எந்தப் பக்கம் போகோணும்னு கேட்டுக்கிட்டே இருக்கீங்க," என்றார். "எங்கிருந்து வருதுன்னு ஒரு நாளாச்சும் கேட்டீங்களாண்ணா?"

சென்னியப்பன் திறந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கும். எப்போது தேய ஆரம்பித்தது? வெயிலில் வாசற்படியில் நின்று, நீங்க வந்து உக்காருங்க மச்சான் என்று சொன்னவனின் முகம் ஞாபகம் வந்தது. அந்த முகத்தை அன்றைக்கு அவர் பார்க்கவில்லை. போர்டை மட்டும்தான் பார்த்தார்.

"எஞ்சின எறக்கிப் பாக்கோணுங்க பாய்," என்றார்.

"இன்னைக்கேவா?"

சென்னியப்பன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அங்கே இலை போடுகிற நேரம். கையைத் துடைக்கத் துணி தேடினார். கிடைத்தது அன்றைக்குப் பாய் கொடுத்த அதே துணி. புரட்டிப் புரட்டிப் பார்த்தார். எங்கேயும் வெள்ளை மிச்சமில்லை. அதிலேயே துடைத்துக்கொண்டு, ஆணியில் தொங்கிய தன் வண்டிச் சாவியை எடுத்தார்.

"இந்தக் கையோடயா சாப்பிடப் போறீங்க?" என்றார் பாய்.

"வேற கை எங்கிட்ட இல்லீங்க."